ஆங்கிலம் பயிலும் தமிழ் நா



கவிதைக்குரிய மேடையில் ஆங்கில உச்சரிப்பைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். இலத்தூருக்கு அண்மையிலுள்ள குற்றாலத்தில் தம் இறுதிக் காலத்தைக் கழித்து 1954இல் மறைந்த இரசிகமணி டி.கே.சி., பாட்டை வாய்விட்டுச் சொல்லிக் காட்டிச் செவிவழியே உணர்த்தியவர். கல்வி தமிழில் நிகழவேண்டும் என்று வாதிட்ட அவரே ஆங்கில இலக்கியத்திலும் தோய்ந்தவர். செவிப்பயிற்சி இம்மண்ணுக்குப் புதிதன்று.

சிற்றூர்ப் பள்ளியிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் மாணவன் எழுந்து 'இஸ்கூல்' என்கிறான். வகுப்பு சிரிக்கிறது. அன்று மூடிய வாயை மூன்றாண்டுகளும் அவன் திறப்பதில்லை. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலேயே மென்பொருள் நிறுவனம் இயங்கும் காலம் இது. ஊரைவிட்டுப் போகாமலே அயல்நாட்டாரோடு பேசும் பணி வாய்க்கக்கூடிய பிள்ளை, ஓர் இகரத்தின் பொருட்டு ஊமையாகிவிடுகிறான்.

அவன் சொன்னது பிழைதான். ஆனால் அறியாமையில் விளைந்த பிழையன்று. மெய்யெழுத்துத் தனித்து மொழிக்கு முதலாகாது என்பது தொல்காப்பியர் காலத்திலிருந்தே தமிழ் போற்றிவரும் வரம்பு. லகரமும் ரகரமும்கூட முதலில் நில்லா. லோகம் உலோகமாயிற்று; ராமன் இராமனானான். இலத்தூர் என்னும் ஊர்ப்பெயரின் முன்னிற்கும் இகரத்தை நீக்கிவிட்டு லகரத்தில் தொடங்க மரபு இடந்தராது. அந்த மாணவன் தன் தாய்மொழியின் சட்டத்தைத் தன்னையறியாமல் பிறமொழியிலும் காத்தான். குற்றம், அவனுக்கு இதனை எடுத்துச் சொல்லாதவர்களுடையது.

உலகின் மறுபக்கத்தில் ஸ்பானிய மொழி பேசுவோரும் இதே படியில்தான் இடறுகின்றனர். அவர்கள் மொழியிலும் ஸகரமும் மற்றொரு மெய்யும் இணைந்து ஒரு சொல்லைத் தொடங்குவதில்லை. முன்னே ஓர் எகரம் வேண்டும். பள்ளிக்கு 'எஸ்குவேலா' என்பர். தம் நாட்டையே 'எஸ்பான்யா' என்பர். எனவே ஆங்கிலம் பயிலும்போது 'எஸ்கூல்' என்கின்றனர். தமிழனுக்கு இகரம் ஊன்றுகோல், அவர்களுக்கு எகரம், வேற்றுமை அவ்வளவே. மருந்தும் ஒன்றே. பாம்பு சீறுவதுபோல் ஸகரத்தை மட்டும் நீட்டி ஒலித்து, மூச்சை விடாமல் 'கூல்' என்பதனோடு சேர்க்கவேண்டும். பத்து முறை செய்தால் ஊன்றுகோல் தானே நழுவும். சொல்லின் இறுதியிலும் இத்தகைய இடர் உண்டு. வல்லின மெய் மொழிக்கு ஈறாகாது என்பதால் 'கப்' என்பது 'கப்பு' என வன்றொடர்க் குற்றியலுகரமாகி நிற்கிறது. இதழ்களை மூடியபடியே சொல்லை முடிக்கப் பழகினால் அந்த உகரம் நீங்கும்.

ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்தில் குறித்துவைத்துப் படிப்பது மாணவர் பலரின் வழக்கம். 'பின்' என்று எழுதினால் அது குண்டூசியா, குப்பைத்தொட்டியா? தமிழில் ஒரே பகரம், சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வன்மையாகவும், மகரத்தை அடுத்து வரும்போது மென்மையாகவும் ஒலிக்கும். இடம் ஒலியை வகுப்பதால் தமிழுக்கு இரண்டெழுத்து வேண்டுவதில்லை. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இந்த நெறியை விரித்துரைத்துள்ளார். ஆங்கிலத்திலோ அவ்விரு ஒலிகளும் இருவேறு பொருள் தரும். ஆதலால் இந்த இடத்தில் தமிழெழுத்துக் குறிப்பேடு கைகொடுக்காது, செவிதான் ஆசான்.

இதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. உதட்டின் முன் மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டு குண்டூசிக்குரிய சொல்லை ஆங்கிலேயர் சொன்னால் காகிதம் துள்ளும். அச்சொல்லின் முதலொலியோடு மூச்சும் வெடித்து வெளிவரும். தமிழரும் ஸ்பானியரும் சொன்னால் காகிதம் அசைவதில்லை. அதனால் ஆங்கிலச் செவிக்கு ஊசி குப்பைத்தொட்டியாகிவிடுகிறது. ஆனால் 'ஸ்பின்' என்னும்போது ஆங்கிலேயரின் காகிதமும் அசையாது. அங்கே ஒலிப்பது ஏறத்தாழத் தமிழின் பகரமே.

இல்லாதவற்றையே எண்ணிக்கொண்டிராமல் இருப்பவற்றையும் மாணவனுக்குக் காட்டவேண்டும். 'ஷிப்' என்றால் கப்பல், 'ஷீப்' என்றால் ஆடு. ஸ்பானிய மொழியில் உயிரொலிகள் ஐந்தே. குறில் நெடில் வேறுபாடு இல்லை. அங்கே கப்பலும் ஆடும் ஒன்றாகிப் பெருங்குழப்பம். மாத்திரை எண்ணிப் பழகிய தமிழ்ச் செவிக்கு இது விளையாட்டு. 'தட்' என்று தமிழர் வன்மையாகச் சொல்லிவிடும் சுட்டுச்சொல்லின் முதலொலியும் தமிழில் உண்டு. 'அது' என்பதை இயல்பாகச் சொல்லும்போது இடையில் நாநுனி பல்லைத் தொட்டும் தொடாமலும் பிறக்கும் தகரம் அதற்கு மிக நெருங்கியது. 'அது' என்பதில் அகரத்தை விழுங்கிவிட்டு எஞ்சியதில் தொடங்கினால் போதும்.

சொல்லிலிருந்து சொற்றொடருக்கு வந்தாலும் இதுவே நிலை. 'வந்தேன்' என்ற வினைமுற்றிலேயே 'நான்' அடங்கியிருக்கிறது. தோன்றா எழுவாய் என்று இலக்கணம் அதற்குப் பெயரும் வைத்திருக்கிறது. ஸ்பானியரும் 'வினே' என்று ஒரே சொல்லால் முடிப்பர். ஆங்கில வினையில் அந்த விகுதி இல்லை. எழுவாயை வெளிப்படச் சொல்லியே ஆகவேண்டும். மழை பெய்வதைச் சொல்வதற்குக்கூடப் பொருளற்ற 'இட்' ஒன்றை முன்னே நிறுத்துகிறார்கள். அது இல்லாமல் தொடங்கும் தமிழ் மாணவனையும் ஸ்பானிய மாணவனையும் ஒரே வகுப்பில் அமர்த்தலாம். 'எனக்குப் பிடிக்கும்' என்று தமிழில் நான்காம் வேற்றுமையால் சொல்வதை அவர்களும் 'மே குஸ்தா' என்று அவ்வாறே சொல்கின்றனர். 'அவர் ஆசிரியர்' என்று பெயர்ப் பயனிலையால் முடிப்பது மட்டும் தமிழின் தனி உரிமை. அங்கே 'இஸ்' வேண்டும் என்பதை, எழுவாயையும் பயனிலையையும் காட்டி விளக்கினால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

'அ', 'ஆன்' என்னும் சுட்டிடைச் சொற்கள் கடினமானவை என்பர். அவற்றை எங்கே இடுவது, எங்கே விடுவது என்பது உண்மையிலேயே கடினந்தான். ஆனால் இரண்டில் எது என்பதைத் தமிழ் முன்பே கற்பித்துவிட்டது. ஓர் ஊர், ஒரு வீடு. உயிரொலிக்கு முன் ஒன்று, மெய்யொலிக்கு முன் மற்றொன்று. 'அவர்' என ஒலிக்கும் ஆங்கில மணிநேரம் உயிரொலியில் தொடங்குவதால் 'ஆன்' பெறும். 'யுனிவர்சிட்டி' எழுத்தால் உயிராயினும் ஒலியால் யகரமாதலின் 'அ' பெறும். ஓர், ஒரு வேறுபாட்டைத் தமிழ்ப் பாடத்திலேயே கைவிட்டுவிட்ட பள்ளிகளில் இந்த வழியும் அடைபட்டுவிடுகிறது.

முன்னோர் கண்ட நெறி இது. நவார் நாட்டவரான பிரான்சிஸ் சேவியர் 1542இல் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தபோது, பிறர் பெயர்த்துத் தந்த தமிழ் மன்றாட்டுகளை மனப்பாடம் செய்து ஒப்பித்தார். அவருக்குப் பின் வந்த போர்ச்சுகீசியர் அண்டிரிக் அடிகளாரோ, தாம் அறிந்த இலத்தீன் இலக்கணத்தின் சட்டகத்தைக் கொண்டு தமிழின் வேற்றுமையையும் வினையையும் ஆராய்ந்து இலக்கணம் எழுதினார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578இல், செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பாலுள்ள கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சாயிற்று. ஒப்பித்தவருக்கும் ஒப்பிட்டவருக்கும் இடையிலுள்ள தொலைவு அது. ஆங்கில வகுப்புகள் பல இன்னும் ஒப்பித்தலிலேயே நிற்கின்றன.

கவிஞர்களுக்கென்று ஒன்று எஞ்சியுள்ளது. தமிழ் யாப்பில் நேரும் நிரையும் குறில், நெடில், ஒற்று ஆகியவற்றால் அமைவன. ஆங்கிலப் பாட்டு அழுத்தத்தால் நடப்பது. 'ரெக்கார்ட்' என்னும் சொல்லில் முன்னசை அழுந்தினால் பதிவு. பின்னசை அழுந்தினால் பதிவுசெய். தமிழர் எல்லா அசைகளையும் ஏறத்தாழ ஒரே எடையில் ஒலிப்பதால் ஆங்கிலப் பாட்டு அவர்கள் வாயில் தட்டையாகிவிடுகிறது. ஸ்பானியர்க்குச் சொல்லழுத்தம் உண்டு. எனினும் அழுந்தாத அசையை ஆங்கிலேயர்போல் விழுங்க அவர்களும் அறியார். விடுமுறை நாளில் மன்றத்து அன்பர்கள் பிள்ளைகளை அமரவைத்து, முதலில் ஒரு வெண்பாவை அசைக்கொரு தட்டாகக் கைதட்டிச் சொல்லச் செய்யலாம். அடுத்து ஓர் ஆங்கிலப் பாட்டை, அழுத்தம் விழும் இடத்தில் மட்டும் தட்டச் சொல்லலாம். முதல் நாள் கைகள் வெண்பாவின் பழக்கத்திலேயே தட்டிக்கொண்டிருக்கும். நான்காம், ஐந்தாம் நாளில் ஏதேனும் ஒரு பிள்ளை தட்டாமல் விடவேண்டிய இடத்தில் கையை நிறுத்தும்.