கடல்நீரும் மின்காந்த அலைகளும்

(இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



கடற்கரை இல்லாத திருவண்ணாமலையில் கடலைப் பற்றிய பேச்சு எதற்கு என நீங்கள் வினவலாம். கடலுக்குள் மூழ்கியிருப்பவரை மேலிருந்து எவ்வாறு அழைப்பது என்பது உயிரோடு தொடர்புடைய வினாவாகும். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தோர் கயிற்றை அசைத்தே தோணியில் இருந்தவருக்குக் குறிப்புணர்த்தினர். கண்டம் விட்டுக் கண்டம் பேசும் வானொலி வந்த பின்னரும், பத்து மீட்டர் கடல்நீரை அதன் அலை கடக்க இயலவில்லை. காரணம் யாது?

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. கரைந்த உப்பு மின்னேற்றம் பெற்ற அயனிகளாகப் பிரிகிறது. அலையின் மின்விசை அவற்றை அசைக்கிறது. நீரில் மின்னோட்டம் எழுகிறது. அலையின் ஆற்றல் வெப்பமாகி மறைகிறது. அதிர்வெண் கூடக்கூட அலை ஊடுருவும் ஆழம் குறையும். 100 மெகாஹெர்ட்ஸ் பண்பலை வானொலியின் அலை, கடல்நீரில் இரண்டரை சென்டிமீட்டர் செல்வதற்குள் தன் வலிமையில் மூன்றில் ஒரு பங்களவாகத் தேய்கிறது. 1 மெகாஹெர்ட்ஸ் மத்திய அலைக்கு இவ்வாழம் 25 சென்டிமீட்டர். அதிர்வெண் நூறில் ஒன்றானால் ஆழம் பத்து மடங்காகும். இவ்வளவே விதி.

இவ்விதியைக் கொண்டே, திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990-இல் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படை நிலையம் தொடங்கப்பெற்றது. ஏறத்தாழ 18 கிலோஹெர்ட்ஸ் அலைக்கு மேற்சொன்ன ஆழம் இரண்டு மீட்டரை நெருங்குகிறது. ஆகவே நீர்மட்டத்திற்குச் சில மீட்டர் கீழேயுள்ள நீர்மூழ்கிக் கப்பலும் செய்தி பெறலாம். அதற்கு விலையும் உண்டு. அலைநீளம் 16 கிலோமீட்டருக்கும் மேல். எனவே வானளாவிய கோபுரங்கள் வேண்டும். பேச்சொலியை அனுப்ப இயலாது. எழுத்துக்குறிகளையே மெல்ல அனுப்பலாம்.

ஆழமற்ற கரையோரக் கடலில் மற்றொரு விந்தை உண்டு. அனுப்புவதும் பெறுவதும் நீருக்குள்ளேயே இருந்தால், அலை நேர்வழியில் செல்வதில்லை. மேலெழுந்து, நீர்ப்பரப்பை ஒட்டிக் காற்றில் பயணம் செய்து, மீண்டும் கீழிறங்குகிறது. ஒரு பகுதி, நீரைவிடக் குறைவாக மின்சாரம் கடத்தும் கடலடி மணல் வழியாகவும் செல்கிறது.

இளைஞர்களே, இதனை நீங்களே சோதித்தறியலாம். மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலிப் பெட்டியை நீர்புகாத பையில் கட்டி, முதலில் கிணற்றுநீர் நிறைந்த வாளியிலும், பின்னர் உப்பு கரைத்த நீரிலும் அமிழ்த்துங்கள். ஒலி எதில் விரைந்து மங்குகிறது என்று கேளுங்கள். கணக்கிடுவதற்கோ, நீங்கள் பள்ளியில் கற்ற வர்க்கமூலமே போதும். பெரிய நிலையங்களின் அறிவியல் நமக்கு எட்டாதது என்று எவர் கூறினும் நம்பாதீர்கள். அதன் வாயில் உங்கள் பாடநூலிலேயே திறந்திருக்கிறது.