கமண்டல நீரும் மூக்கின் நலமும்
(மகாவீரர் வீடுபேற்றுத் திருநாள் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



திகம்பர முனிவரின் கையில் இரண்டு பொருள்களே உண்டு. ஒன்று மயிற்பீலி, மற்றொன்று கமண்டலம். அக்கமண்டலத்தில் காய்ச்சிய நீரே இருக்கும். நன்கு கொதித்த நீருக்கும் ஒருநாள் எல்லையை வகுத்தனர் முன்னோர். உயிர்களிடத்துக் கொண்ட அருளால் எழுந்த இவ்வொழுக்கம், உடல்நலத்துக்கும் காவலாவதை ஈண்டுக் காண்போம்.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டங்களின் சிற்றூர்களில் உழவைத் தொழிலாகக் கொண்டிருந்த குடும்பங்களின் பிள்ளைகள், இன்று திருப்பெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் ஆலைகளிலும் பணிபுரிகின்றனர். சரக்குந்துகள் எழுப்பும் புழுதி, பற்றவைப்புப் புகை, வண்ணப்பூச்சின் நெடி, குளிரூட்டிய கூடத்தின் வறண்ட காற்று ஆகியவற்றை அவர்தம் மூக்கு நாள்தோறும் எதிர்கொள்கிறது. ஓர் அறையில் பலர் தங்குவதால் ஒருவரின் சளி மற்றவரை விரைவில் தொற்றுகிறது. வல்லம் வடகாலில் 2024ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற குடியிருப்பு ஒன்றே 18,720 பெண் தொழிலாளர்க்கானது என்றால், இங்குக் கூடிவாழ்வோர் எத்துணையர் என்பது விளங்கும். தீபாவளியை ஒட்டிய வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இத்தொல்லை மிகும்.

முகத்தின் எலும்புகளுக்குள் நான்கு இணைக் காற்றறைகள் உள்ளன. அவற்றையே சைனஸ் என்கிறோம். அவற்றின் உட்சவ்வில் சுரக்கும் சளி தூசியையும் கிருமியையும் பற்றிக்கொள்ள, நுண்மயிர்கள் அதனை மூக்கை நோக்கித் தள்ளுகின்றன. சவ்வு வீங்கி வாயில் அடைபட்டால் சளி உள்ளே தேங்கும். முகவலியும் தலைபாரமும் தோன்றும். ஆதலின் வழியை அடைபடாமல் காப்பதே நலத்தின் அடிப்படை.

அதற்கு எளிய வழிகள் உள. புழுதியிலும் புகையிலும் முகக்கவசம் அணிக. அறையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காது ஈரத்துணியால் துடைக்க. மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருளும் ஊதுவத்தியும் எரிக்கலாகாது. புகையிலையை அறவே விடுக. கைகளைக் கழுவுதலும் போதிய நீர் பருகுதலும் நன்று. உயிர்களுக்கு இரங்கி வெடியைத் தவிர்ப்போர் தம் மூக்கையும் காத்துக்கொள்கின்றனர்.

உப்புநீரால் மூக்கைக் கழுவுதலும் பயன் தருவதே. ஆயின் இங்குத்தான் பெருங்கவனம் வேண்டும். 2011ஆம் ஆண்டு அமெரிக்காவின் லூசியானாவில், குழாய்நீரால் மூக்கைக் கழுவிய இருவர் மூளையைத் தாக்கும் அமீபாவால் உயிரிழந்தனர். அண்டை மாநிலமாகிய கேரளத்திலும் 2024, 2025 ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சல் உயிர்களைப் பறித்தது. குடித்தால் தீங்கு செய்யாத அவ்வமீபா, மூக்கினுள் புகுந்தால் நுகர்ச்சி நரம்பின் வழியே மூளையை அடையும்.

துணியால் வடித்தல் மட்டும் இதற்குப் போதாது. அமீபா துணியின் இழைகளூடே எளிதில் நுழைந்துவிடும். அறைதோறும் வாங்கிவைக்கும் கேன் தண்ணீரும் பருகுதற்கே உரியது. மூக்கிற்கு அதனையும் காய்ச்சியே கொள்ளல் வேண்டும். மூன்று முதல் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, மூடி ஆறவிடுக. கால் லிட்டர் நீருக்கு அயோடின் கலவாத தூய உப்பு அரைத் தேக்கரண்டி போதும். கழுவும் கலத்தைத் தூய்மைசெய்து உலர்த்துக, பிறரோடு பகிரற்க. எஞ்சிய நீரைத் தூய கலத்தில் மூடிவைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தலாம் என்பது இன்றைய மருத்துவ அறிவுரை. கமண்டல நீருக்கு முன்னோர் வகுத்த எல்லையும் அதுவே!

ஆவி பிடித்தல் சற்றே இதம் தரும், தொற்றை நீக்காது. கொதிநீர்ச் சட்டி கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவதும் உண்டு. எண்ணெயையும் இலைச்சாற்றையும் மூக்கில் ஊற்றுதல் கூடாது. சளித்தொல்லையில் பெரும்பகுதி வைரசால் வருவது, தானே தணியும். அதற்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரையைத் தாமே வாங்கி விழுங்குதல் பயனற்றது.

பத்து நாள் கடந்தும் தணியாவிடினும், தணிந்தபின் மீண்டும் மிகுந்தாலும் மருத்துவரை நாடுக. கடுங்காய்ச்சல், கண்வீக்கம், பார்வை மங்கல், கழுத்து விறைப்பு, தாங்கவொண்ணாத் தலைவலி கண்டால் ஒரு நாளும் தாழ்த்தற்க. நீரிழிவுடையோர்க்கு இது மிகப் பொருந்தும். 2021ஆம் ஆண்டு கருப்புப் பூஞ்சை நோய் அவர்களையே பெரிதும் வருத்தியதனை எவரும் மறந்திரார்.

ஊரில் பாட்டிமார் நீரை வடித்துக் காய்ச்சியதைக் கண்டு வளர்ந்த பிள்ளைகள், விடுதி அறையில் அவ்வழக்கத்தைக் கைவிடாதிருப்பாராக. அறத்துக்காகக் காய்ச்சிய நீர் உடலையும் காக்கும்.

அருகன் அறம் ஓங்குக!