அமெரிக்கச் சிப்பாய் செத்தால் சர்க்கார் என்ன கொடுக்கிறது?

(தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நம் வீடுகளில் ஒருவர் கண்ணை மூடினால், அழுகைக்கு நடுவிலேயே எழுகிற கேள்வி ஒன்று உண்டு: "கையில் எவ்வளவு இருக்கிறது?" பாடைக்கு மூங்கில் வேண்டும், குழி வெட்டக் கூலி வேண்டும், காரியத்துக்குச் செலவு வேண்டும். யாரிடம் கை நீட்டுவது என்ற தவிப்பு மில் தொழிலாளிக்கும் தெரியும், பண்ணையாளுக்கும் தெரியும். பணக்கார நாடாகிய அமெரிக்காவிலே, பட்டாளத்தில் இருந்து திரும்பியவன் வீட்டிலும் இதே கேள்விதான் எழுகிறது. அங்கே சர்க்கார் என்ன கொடுக்கிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

ஒன்றுமே கொடுக்கவில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். அவமானமாக நீக்கப்படாத படைவீரருக்குத் தேசிய இடுகாட்டில் இலவசமாக இடம் உண்டு. குழி தோண்டுவது, மூடுவது, பெயர் பொறித்த கல், பராமரிப்பு, பெட்டிமேல் போர்த்த ஒரு கொடி, ஜனாதிபதி கையெழுத்திட்ட ஒரு பத்திரம், இத்தனையும் சர்க்கார் செலவு. மனைவியையும் அங்கேயே அடக்கம் செய்யலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெட்டியின் விலை? பிரேதத்தை வாங்கிப் பதனிட்டு, சடங்கு நடத்திக் கொடுக்கிற கம்பெனியின் பில்? அது குடும்பத்தின் தலையில். 2023-ல் இந்தச் செலவு நடுத்தரமாக 8,300 டாலர் என்று அந்தத் தொழில் நடத்துகிற முதலாளிகளின் சங்கமே கணக்குச் சொன்னது.

இதற்குச் சர்க்கார் தரும் ரொக்கம் எவ்வளவு? ராணுவ சேவையால் வந்த காயத்தாலோ நோயாலோ இறந்தால் 2,000 டாலர் வரை. 2001 செப்டம்பரிலிருந்து நேர்ந்த மரணங்களுக்கு வைத்த ரேட்டு இது. 2024-லும் அதே 2,000. மற்றபடி இறந்தால், 2024 அக்டோபரில் நிர்ணயித்தபடி, 978 டாலர். சர்க்கார் இடுகாட்டில் வைக்காமல் வேறிடத்தில் புதைத்தால் நிலத்துக்கென்று இன்னொரு 978. அதுவும் எல்லோருக்கும் இல்லை. பென்ஷனோ நஷ்ட ஈடோ வாங்கிக் கொண்டிருந்தவர், சர்க்கார் வைத்தியத்தில் இருந்தவர் போன்றவர்களுக்கு மட்டும். 1981-ல் செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லிப் பலரைப் பட்டியலிலிருந்து தள்ளினார்கள்.

பஞ்சப்படிக்காகப் போராடிய நமக்கு அடுத்த விஷயம் உடனே புரியும். 1978-ல் இந்தத் தொகையை 300 டாலர் ஆக்கினார்கள். விலைவாசி ஏறிற்று, பெட்டி விலை ஏறிற்று, கூலி ஏறிற்று. 300 மட்டும் அப்படியே நின்றது. படைவீரர் ஆஸ்பத்திரியில் இறந்தவருக்குப் பிற்பாடு ரேட்டை உயர்த்தி, விலைவாசிப் புள்ளியோடும் சேர்த்துக் கட்டினார்கள். தன் வீட்டுக் கட்டிலில் இறந்தவருக்கோ அதே 300! எந்த இடத்தில் உயிர் போயிற்று என்று பார்த்துப் பணம் கொடுத்தார்கள். 2023 ஜனவரியில்தான் இரண்டும் ஒன்றாயின. நாற்பத்து நாலு வருஷம்!

இடுகாட்டு நிலமும் அப்படித்தான். 1862-ல், உள்நாட்டு யுத்தத்தில் பிணங்கள் குவிந்தபோது, சேவையில் இறந்த சிப்பாய்களைப் புதைக்க நிலம் வாங்கச் சட்டம் வந்தது. யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய வடபுலச் சிப்பாய்கள் எல்லோருக்கும் அங்கே இடம் கிடைத்தது 1873-ல். நீக்ரோ சிப்பாய்கள் ஒரே குண்டுக்குத்தான் மார்பைக் காட்டினார்கள். ஆர்லிங்டன் இடுகாட்டில் மட்டும் அவர்களுக்குத் தனிப் பகுதி. 1948 வரை அது நீடித்தது.

இனி 1932-ஐப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் உலக யுத்தத்துக்குப் போனவர்களுக்கு 1924-ல் ஒரு போனஸ் கொடுத்தார்கள். பணமாக அல்ல, பத்திரமாக! 1945-ல் வந்து வாங்கிக்கொள், அதற்குள் செத்தால் உன் வாரிசு வாங்கும் என்று ஏற்பாடு. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் "கல்லறைப் போனஸ்". பிறகு பொருளாதார நெருக்கடி வந்தது, ஆலைகள் மூடின, வேலையில்லை. பிள்ளைகள் பசித்திருக்கும்போது 1945 வரை எப்படிக் காத்திருப்பது? இருபதாயிரம் பேர் அளவில் வாஷிங்டனில் திரண்டு குடிசை போட்டு உட்கார்ந்தார்கள். ஜூலை 28-ல் போலீஸ் சுட்டது. வில்லியம் ஹுஷ்கா, எரிக் கார்ல்ஸன் என்ற இரண்டு படைவீரர்கள் மாண்டார்கள். அன்றே மக்ஆர்தர் தலைமையில் குதிரைப் படையும் டாங்கிகளும் கண்ணீர்ப் புகையும் வந்தன. குடிசைகள் எரிந்தன.

ஹுஷ்கா லித்துவேனியாவிலிருந்து பிழைக்க வந்தவர். அவரை எங்கே புதைத்தார்கள் தெரியுமா? ஆர்லிங்டனில், ராணுவ மரியாதையோடு! உயிரோடு கேட்டபோது குண்டு, செத்தபின் மரியாதை. மிச்சம் இருந்தவர்கள் விடவில்லை. 1936-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மறுப்பையும் மீறிக் காங்கிரஸ் சபை அந்தப் பணத்தைக் கொடுக்கச் சட்டம் செய்தது.

பணம் மட்டும் கிடைத்தால் போதுமா? பெலிக்ஸ் லாங்கோரியா மெக்சிக வம்சத்தவர். டெக்ஸாஸில் திரீ ரிவர்ஸ் என்ற சிற்றூர்க்காரர். 1945 ஜூனில் பிலிப்பைன்ஸில் லூசோன் தீவில் கொல்லப்பட்டார். உடல் ஊர் வந்தது 1949-ல். ஊரில் இருந்த ஒரே சவ அடக்க நிலையத்தின் முதலாளி, தன் மண்டபத்தைக் கொடுக்க மாட்டேன், வெள்ளையர்களுக்குப் பிடிக்காது என்று விதவையிடம் சொன்னான். ஜப்பானியக் குண்டு நிறம் பார்க்கவில்லை, இவன் பார்த்தான். முன்னாள் படைவீரர் சங்கத்தை நடத்திய டாக்டர் ஹெக்டர் கார்சியா கூட்டம் போட்டார், தந்திகள் அனுப்பினார். அப்போது செனட்டராக இருந்த லிண்டன் ஜான்சன் தலையிட்டார். 1949 பிப்ரவரி 16-ல் லாங்கோரியாவை ஆர்லிங்டனில் அடக்கம் செய்தார்கள்.

இன்றைய நடைமுறையில் ஒரு விஷயம் சொல்லி முடிக்கிறோம். 2014 முதல், சர்க்கார் பதிவில் பெயர் உள்ள விதவைக்கு மனு இல்லாமலே பணம் அனுப்புகிறார்கள். மகனோ மகளோ செலவு செய்திருந்தால் மனுப் போட வேண்டும். சேவையால் இறந்தவருக்குக் கெடு கிடையாது. மற்றவர்களுக்கு அடக்கம் முடிந்த இரண்டு வருஷத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும். கடன் வாங்கிப் புதைத்தவன் அந்தக் கெடுவுக்குள் ரசீதையும் பட்டாளத்துக் காகிதத்தையும் தேடி எடுத்தாக வேண்டும்.