சேவையகத்தில் பிறக்கும் பக்கம்



உள்நாட்டுப் போரினால் 1990இல் நின்ற தலைமன்னார்ப் புகையிரதம் 2015இல் மீண்டும் ஓடத் தொடங்கிற்று. அதன் நேரத்தை மன்னாரிலிருந்து ஒருவர் கைபேசியில் கேட்கிறார் எனக் கொள்வோம். அவர் காணும் பக்கம் முன்னரே எழுதப்பட்டிருக்க வேண்டுமென்பதில்லை. ஜாவா மொழிக்கென 1999இல் வந்த ஜே.எஸ்.பி. முறையில், சேவையகத்தில் இருப்பது ஒரு வார்ப்பு மட்டுமே. முதலாமவர் கேட்டவுடன் அது நிரலாக மொழிபெயர்க்கப்பட்டு, தொகுப்பானால் பொறிக்குகந்த வகுப்பாக மாற்றப்பட்டு, நினைவகத்தில் ஏற்றப்படும். அவர் சற்றே காத்திருப்பார்; பின்வருவோர்க்கு அத்தாமதம் இல்லை.

நேர அட்டவணையின் வார்ப்பைத் திருத்தினால் என் செய்வது? ஒருமுறை ஏற்றிய வகுப்பை அதே ஏற்றி மறுபடி ஏற்றாது. ஆகவே டொம்கற் என்னும் சேவையகம் ஒவ்வொரு பக்கத்திற்கும் தனி ஏற்றி வைக்கிறது. பக்கம் மாறினால் அந்த ஏற்றியையே கைவிட்டுப் புதியதை அமர்த்துகிறது. இலங்கைப் பொறியாளர் பெரும்பங்கு கொண்டு ஆக்கிய ஆக்சிஸ்2 மென்பொருளும் ஒவ்வொரு சேவைக்கும் தனி ஏற்றி தந்தது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பேசாலையிலும் ஓர் அந்தோனி, வங்காலையிலும் ஓர் அந்தோனி. ஊரையும் சேர்த்துச் சொன்னாலன்றி ஆள் விளங்காதன்றோ? வகுப்பும் அவ்வாறே, பெயராலும் ஏற்றியாலும் சேர்ந்தே அறியப்படும். பழைய வகுப்பின் பொருளைப் புதியதிடம் நீட்டினால் பொறி ஏற்க மறுக்கும். அப்பழம்பொருளை எவரேனும் பற்றிக்கொண்டிருந்தாலோ, பழைய ஏற்றி முழுவதும் நினைவகத்தை விட்டு அகலாது. திருத்துந்தோறும் சுமை ஏறி, ஒருநாள் சேவையகமே நின்றுவிடும். பலர் நாடும் தளங்களில் பக்கங்களை முன்னரே தொகுத்து வைப்பதே என் கருத்தில் நன்று.