வைரஸுக்கு ஊர் உண்டா?

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'நுண்ணுயிரிகளும் நாமும்' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. அதற்குள் ஒரே ஒரு வைரஸை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். என் வகுப்பில் அடிக்கடி எழும் ஒரு கேள்விதான் காரணம்: "மிஸ், இந்த வைரஸ் எந்த நாட்டுது?" கொரோனா காலத்தில் 'சீன வைரஸ்', 'இந்திய வகை' என்றெல்லாம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். நாட்டின் பெயரைச் சொல்லிப் பழிப்பதைத் தவிர்க்கத்தான் உலக சுகாதார நிறுவனம் 2021 மே இறுதியில் ஆல்பா, பீட்டா, டெல்டா என்று கிரேக்க எழுத்துகளைச் சூட்டியது. ஆனாலும் அந்தப் பேச்சு நம் பள்ளி வளாகங்களை விட்டு இன்னும் போகவில்லை. வெளிமாநிலத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும்.

வைரஸ்கள் பகுதிக்குப் பகுதி வேறுபடுவது உண்மைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. எப்படி வேறுபடுகின்றன என்பதைக் காட்ட வேண்டும். அதற்கு ஜே.சி. வைரஸ் மிகப் பொருத்தமானது.

1971-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பேட்ஜெட் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு நோயாளியின் மூளைத் திசுவிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். நோயாளியின் பெயரின் முதலெழுத்துகளே வைரஸின் பெயராயின. மூளையில் கண்டெடுத்ததால் அரிய வைரஸ் என்று எண்ணிவிடக் கூடாது. பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தில் இதற்கான எதிர்ப்பொருள் உண்டு. பெரும்பாலும் சிறுவயதில் சத்தமில்லாமல் தொற்றி, சிறுநீரகத்தில் ஆயுள் முழுவதும் குடியிருக்கும். நோய் எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்களுக்குத்தான் மூளையைத் தாக்கும் கொடிய நோயைத் தருகிறது. வகுப்பில் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் மறுநாள் காலை பெற்றோர் வாசலில் நிற்பார்கள்!

இதன் டி.என்.ஏ. வட்ட வடிவமானது. நீளம் ஏறத்தாழ 5,130 எழுத்துகள். மனிதருடையது ஏறக்குறைய 300 கோடி. நலமாக இருப்பவர்களின் சிறுநீரிலேயே இந்த வைரஸ் வெளியேறுவதால் ஊசி குத்தாமல் மாதிரி எடுக்கலாம். டோக்கியோவில் யோஷியாகி யோகோ குழுவினர் இந்த வசதியைத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா எனப் பல இடங்களின் மாதிரிகளில் 610 எழுத்துகள் கொண்ட ஒரு பகுதியை ஒப்பிட்டு 1997-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் உரிய துணைவகைகள் தெளிவாகப் பிரிந்து நின்றன. துணைவகைகளுக்கு இடையே வேறுபாடு நூற்றுக்குச் சில எழுத்துகள்தான். அதே ஆண்டில் இன்னொரு குழு நியூ மெக்சிகோவில் வாழும் நவஹோ பழங்குடியினரிடம் ஆசிய வகையைக் கண்டது. அமெரிக்காவின் தொல்குடிகள் ஆசியாவிலிருந்து சென்றவர்கள் என்ற செய்தியோடு இது பொருந்தியதால், மனிதர் நடந்த வழியை வைரஸைக் கொண்டே வரைந்துவிடலாம் என்ற உற்சாகம் பிறந்தது.

இங்கே பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்கலாம். அந்த வேறுபாடு மண்ணில் இருக்கிறதா, இரத்தத்தில் இருக்கிறதா, வீட்டில் இருக்கிறதா?

விடை தேட லாஸ் ஏஞ்சலீஸ் நகரம் உதவியது. அங்கு வாழும் ஜப்பானிய வம்சாவளியினரில் இரண்டாம், மூன்றாம் தலைமுறையினரின் மாதிரிகளை யோகோவின் குழு சோதித்து 2002-இல் வெளியிட்டது. அவர்களிடம் பெரும்பாலும் இருந்தவை ஜப்பானில் காணப்படும் துணைவகைகள். ஆகவே மண் காரணமில்லை. ஒரே வீட்டில் நெடுங்காலம் சேர்ந்து வாழ்வதால் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். சரி, அது இரத்தமாகவும் இருக்கலாமே என்று கேட்கும் பிள்ளை உங்கள் வகுப்பில் நிச்சயம் இருக்கும். அந்தப் பிள்ளைக்குத் தருவதற்கு பி.கே. வைரஸ் இருக்கிறது. இது ஜே.சி.யின் நெருங்கிய உறவு. அதே 1971-இல் லண்டனில், சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்ற ஒருவரின் சிறுநீரில் கண்டறியப்பட்டது. கலிபோர்னியாவில் உள்ள ஜப்பானிய வம்சாவளியினரிடம் இதைத் தேடியபோது, ஐரோப்பியரிடம் காணப்படும் வகை கிடைத்தது. அதாவது பி.கே. வீட்டுக்கு வெளியே, அக்கம்பக்கத்திலிருந்தும் வருகிறது. ஒரே வம்சாவளியினரிடம் ஒரு வைரஸ் ஜப்பானைக் காட்டுகிறது, இன்னொன்று ஐரோப்பாவைக் காட்டுகிறது. இரத்தம்தான் காரணம் என்றால் இப்படி நடக்குமா? யாரோடு வாழ்ந்தோம், யாரோடு பழகினோம் என்பதைத்தான் இவை பதிவு செய்கின்றன. என் மாணவர்களுக்கு நான் காட்ட விரும்புவது இந்த ஜோடியைத்தான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மனிதப் பயணத்தை வைரஸ் வரைந்து காட்டும் கதை அழகானது. அழகாக இருப்பதாலேயே நாம் அதை முடிந்துபோன உண்மையாகச் சொல்லிவிட வாய்ப்புண்டு. 2006-இல் ஷேக்கில்டன் முதலானோர் மனிதக் குடும்ப மரத்தையும் ஜே.சி. வைரஸின் மரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் சேர்ந்தே கிளைத்ததற்குச் சான்று இல்லை. முன்பு கருதியதைவிட ஏறத்தாழ 100 மடங்கு வேகத்தில் வைரஸ் மாறியிருக்கலாம் என்றும் கணித்தார்கள். மாதிரிகள் குறைவு என்பதால் அந்தக் கணிப்பு துல்லியமானதல்ல என்பதையும் அவர்களே குறிப்பிட்டார்கள். வேகம் அவ்வளவு என்றால், இன்று காணும் வேறுபாடுகள் பல்லாயிரம் ஆண்டுப் பழமையானவையாக இருக்க வேண்டியதில்லை. பகுதிவாரி வேறுபாடும் குடும்பத்துக்குள் பரவுதலும் அப்படியே நிற்கின்றன. அந்த வைரஸை நாட்காட்டியாகப் பயன்படுத்தலாமா என்பதுதான் கேள்விக்குள்ளானது. பத்தாம் வகுப்பில் மரபியலும் பரிணாமமும் நடத்தும்போது 1997-ஐச் சொல்பவர்கள் 2006-ஐயும் சேர்த்தே சொல்லுங்கள். பாடவேளை போதவில்லையென்றால் இரண்டையும் விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

ஒரு செயல்பாடு. ஏ, டி, ஜி, சி ஆகிய எழுத்துகளால் 20 எழுத்து கொண்ட ஒரே வரியை இரண்டு வரிசைகளின் முதல் மாணவரிடம் கொடுங்கள். ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் இருப்பவரின் சீட்டைப் பார்த்து எழுதி, ஏதாவது ஓர் எழுத்தை மட்டும் மாற்ற வேண்டும். வரிசைக்கு ஆறு பேர் போதும். பன்னிரண்டு சீட்டுகளையும் கலைத்து மற்றப் பிள்ளைகளிடம் தந்தால் எது எந்த வரிசை என்று அவர்களே பிரித்துவிடுவார்கள். அடுத்த சுற்றில், எழுதத் தொடங்கும் முன் இரண்டாம் வரிசையின் நான்காவது மாணவரை முதல் வரிசையின் நடுவில் உட்கார வையுங்கள். யாரைப் பார்த்து எழுதினாரோ அந்த வரிசையின் எழுத்துகளே அவர் சீட்டில் இருக்கும். 20 எழுத்துக்குக் குறைக்க வேண்டாம். வரி சிறிதானால் இரு வரிசையிலும் ஒரே இடத்தில் மாற்றம் விழுந்து குழப்பிவிடும்.