வேம்பின் நிழலில் ஒரு தோட்டம்

(சங்கத்தின் மகளிர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோட்டக்கலையைப் பற்றிப் பேச வேண்டுமென்று செயலாளர் பணித்தபொழுது, பொருளை நானே தேர்ந்துகொள்ள இசைவு கேட்டேன். ரோஜாவைப் பற்றியும் செவ்வந்தியைப் பற்றியும் தில்லியில் பேசுவோர் பலர் உளர். ஆனால் நம் குடியிருப்பின் கீழ்த்தள வீடுகளில் வாழ்வோருக்கு அந்தப் பேச்சினால் பயன் யாது? பின்முற்றத்தில் வேப்பமரம், அதை ஒட்டி நாவல், இரண்டுக்கும் இப்பால் மூன்று மாடிக் கட்டடம். நமக்கு வாய்த்தது நிழல். ஆகவே நிழலில் பயிர் செய்வதைப் பற்றியே பேச எண்ணுகின்றேன்.

இதற்கு ஓர் அவசரமும் உண்டு. பின்முற்றத்து மரங்களை வெட்டுமாறு கோரும் விண்ணப்பம் ஒன்று வீடு வீடாகக் கையொப்பத்திற்கு வந்துகொண்டிருப்பதை நீங்கள் அறிவீர்கள். துளசி வாடுகின்றது, மல்லிகை மொட்டு விடுவதில்லை என்பவை அதில் கூறப்படும் காரணங்கள். கையொப்பமிட்டவர்களுள் நம்மவர்களும் இருக்கின்றனர். ஆண்டுதோறும் கோடையில் அதே மரத்தடியில் துணி விரித்து வேப்பம்பூச் சேர்ப்பவர்களும் அவர்களே என்பதைச் சொல்லாமலிருக்க என்னால் இயலவில்லை.

தில்லியில் 1994-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதியின்றி மரத்தை வெட்டலாகாது. சட்டம் ஒருபுறமிருக்க, 2018-இல் சரோஜினி நகர், நௌரோஜி நகர், நேதாஜி நகர் முதலிய அரசுக் குடியிருப்புகளைத் திருத்திக் கட்டுவதற்காக ஆயிரக்கணக்கான மரங்களை வீழ்த்த முற்பட்டபொழுது, மக்கள் திரண்டு வந்து மரங்களைத் தழுவி நின்றார்கள். உயர்நீதிமன்றம் வெட்டுவதை நிறுத்தி வைத்தது. அக்குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனை! அங்கே பிறர் காக்க முனைந்ததை இங்கே நாமே வேண்டாமென்று எழுதிக் கொடுப்பது முறையாகுமா?

இனி, வெயில் ஏன் வருவதில்லை என்பதைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். சென்னையில் சித்திரை நடுப்பகுதி முதல் ஆவணித் தொடக்கம் வரை நண்பகற் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கும். வீட்டின் வடபுறத்திலும் அக்காலத்தில் உச்சிவெயில் விழும். தில்லியில் ஆண்டு முழுதும் நண்பகற் சூரியன் உச்சிக்குத் தெற்கேதான். மார்கழி நண்பகலில் சென்னையில் ஏறக்குறைய 53 பாகை உயரத்தில் நிற்கும் சூரியன், இங்கே 38 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. அதன் விளைவைப் பாருங்கள். 10 மீட்டர் உயரமுள்ள கட்டடத்தின் நிழல் அந்த வேளையில் சென்னையில் ஏழரை மீட்டர் நீளுமாயின், தில்லியில் ஏறக்குறைய 13 மீட்டர் நீளும். நம் பின்முற்றமோ வடபுறத்தில் இருக்கின்றது; அதன் அகலம் 6 மீட்டர்கூட இராது. ஆகவே குளிர்காலத்தில் துளசியின் வெயிலை மறைப்பது நம் கட்டடமே. வேம்பை வெட்டினாலும் அந்த வெயில் வரப்போவதில்லை. கோடையிலோ, வெப்பம் 45 பாகையைத் தொடும் நாட்களில், அந்த மரம் இல்லாவிடில் முற்றத்தில் கால் வைக்க முடியாது. துளசிக்கும் மல்லிகைக்கும் நாள்தோறும் சில மணி நேர வெயில் வேண்டும் என்பது உண்மைதான். அவற்றைத் தென்புறத்துக்கோ மொட்டை மாடிக்கோ கொண்டு செல்வதே வழி.

நிழல் எல்லாம் ஒரே தன்மையது அன்று. நண்பகலில் ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் வைத்து, அதற்கு ஒரு முழம் மேலே கையை நீட்டுங்கள். கையின் நிழல் விரல் விரலாகத் தெளிவாய் விழுந்தால், அங்கே பெரும்பாலான கீரைகள்கூட வளரும். மங்கலாக விழுந்தால் அது இலைச் செடிகளுக்கு உரிய இடம். நிழலே விழவில்லையாயின் அங்கே மருளும் மணிப்பிளாண்டும் அன்றி வேறெதையும் வைத்து வருந்த வேண்டாம். வேம்பின் கீழ் பெரும்பாலும் இரண்டாவது வகை நிழல். நாவலின் கீழ் மூன்றாவது வகை.

நிழல் தோட்டக்காரர்கள் உலகெங்கும் போற்றும் செடி ஹோஸ்டா என்பது. ஜப்பான், கொரியா, சீனம் ஆகிய நாடுகளுக்கு உரியது. ஆஸ்திரிய நாட்டுத் தாவர அறிஞர் ஹோஸ்ட் என்பவரின் பெயரைத் தாங்கியது. அதில் பூவுண்டு எனினும், நரம்போடிய அகன்ற இலைக்காகவே அதை வளர்க்கின்றனர். நீலம் பாய்ந்த பச்சை, வெள்ளைக் கரையிட்ட பச்சை, பொன் மஞ்சள் எனப் பல வகை. ஜப்பானியர் சில வகைகளின் இளந்தளிரைக் கறியாகவும் சமைப்பர். படத்தில் அதைக் கண்டு விதைக்கு எழுதிப் போட எண்ணுவோர் உண்டானால், வேண்டாமென்றே சொல்வேன். அச்செடி குளிர்காலத்தில் மடிந்து, பல வாரக் கடுங்குளிரில் உறங்கி எழ வேண்டும். தில்லியின் குளிர் அதற்குப் போதாது. தில்லியின் கோடையோ அதற்குப் பொறாது. மலைநகரங்களில் உள்ள உறவினர் முயன்று பார்க்கலாம்.

நமக்கு அந்த ஏக்கம் எதற்கு? நம் சேப்பஞ்செடி அழகில் அதற்குக் குறைந்ததா? சந்தையில் 'அர்பி' என்று கேட்டு, முளைக்கண் உள்ள கிழங்குகளாகப் பார்த்து வாங்குங்கள். மாசியிலோ ஆனியிலோ நான்கு விரல் ஆழத்தில் ஊன்றுங்கள். மழைக்காலத்தில் அதன் இலை முறம்போல் விரியும். அதன்மேல் நீர்த்துளி உருள்வதைக் குழந்தைகள் நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நிழலில் கிழங்கு சிறுத்துத்தான் போகும், இலைதான் நமக்கு வருவாய். எங்கள் மாடியிலுள்ள குஜராத்தி அம்மையார் அந்த இலையில் கடலைமாவு தடவிச் சுருட்டி, வேகவைத்து, 'பாத்ரா' செய்வார். புளி சேர்த்து நன்கு வேகவைக்காவிடில் தொண்டை அரிக்கும். இலையில் ஊசிபோன்ற நுண்ணிய ஆக்சலேட் படிகங்கள் உள்ளமையே அதற்குக் காரணம்.

அடுத்தது மஞ்சள். தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக வளர்வது ஆதலின் அரைநிழலுக்கு அஞ்சாது. வைகாசியில் நட்டால் பொங்கலுக்கு எட்டு மாதம் ஆகியிருக்கும். பொங்கற்பானையில் கட்ட மஞ்சள் கொத்துத் தேடி நாம் ஆண்டுதோறும் கடைவீதிகளில் அலைவது இதனால் தீரும். ஆனால் இங்கே மார்கழிப் பனியில் இலை பழுத்துவிடும். தொட்டியில் நட்டு, கார்த்திகை முடிந்ததும் தென்சுவர் ஓரத்திற்கு நகர்த்தி, இரவில் சாக்கினால் மூடிவைத்தால் ஓரளவு பசுமையோடு நிற்கும். சேனையும் அரைநிழலில் வளரும். அதற்குப் பெரிய குழி வேண்டும்.

வெற்றிலையைப் பற்றிக் கேட்பீர்கள். தமிழ்நாட்டில் கொடிக்கால் வைப்போர் முதலில் அகத்தியை விதைத்து, அது வளர்ந்து நிழல் கொடுத்த பின்னரே கொடியை ஏற்றுகின்றனர். உத்தரப் பிரதேசத்து மகோபாவில் பந்தலிட்டுக் கூரை வேய்ந்து அதனுள் வளர்க்கின்றனர். நிழலை உண்டாக்குவதற்கே அவர்கள் இவ்வளவு பாடுபடுகின்றனர். நமக்கு அது கூலியின்றிக் கிடைத்திருக்கின்றது. தில்லியில் தடையாக இருப்பது 'லூ' என்னும் அனற்காற்றுதான். குளியலறைச் சன்னலுக்கு வெளியே, காற்று நேரே தாக்காத மூலையில் தொட்டியில் வைத்துக் கோடையில் நாளுக்கு இருமுறை நீர் தெளித்து வந்தால் பிழைக்கும்.

மரத்தடிச் செடி வாடுவதற்குப் பெரும்பாலும் நிழல் காரணமன்று, நீர்க்குறையே காரணம். மரத்தின் மேல்வேர்கள் நீரை முதலில் குடித்துவிடுகின்றன. அதற்காக வேரைக் கொத்தலாகாது. அடிமரத்தைச் சுற்றி மண்ணையும் குவிக்கலாகாது. தொட்டியோ பழைய அரிசிச் சாக்கோ வைத்து அதில் நடுவதே நன்று. தில்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமெண்டுத் தளத்தை நீக்குமாறு 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. நம் நாவலின் கழுத்துவரை பூசப்பட்ட தளம் இன்னும் அப்படியே இருக்கின்றது. கையொப்பம் வாங்குவதாயின் அதை நீக்குவதற்கு வாங்குவோம். அரிசி களைந்த நீர், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டும் நீர் ஆகியவற்றைச் செடிக்கு விடலாம். தொட்டியின் அடித்தட்டில் மட்டும் நீர் தேங்க விடாதீர்கள். மழை ஓய்ந்ததும் டெங்குக் காய்ச்சல் வரும் ஊர் இது.

பங்குனியில் உதிரும் வேப்பஞ்சருகைக் கொளுத்தும் வழக்கம் இன்னும் சிலரிடம் உண்டு. 2015-இல் அதற்கும் தடை வந்துவிட்டது. மூலையில் குவித்து, அவ்வப்பொழுது நனைத்துப் புரட்டி வந்தால், அடுத்த மாசி நடவுக்குள் கறுத்த உரமாகிவிடும்.

சேப்பங்கிழங்கும் மஞ்சளும் விதைக்கு வேண்டுவோர் வைகாசி மாதக் கடைசி ஞாயிறன்று காலையில் எங்கள் வீட்டுப் பின்முற்றத்திற்கு வரலாம். வீட்டுக்கு ஆறு கிழங்கு தருவதாக இருக்கின்றேன். கூடையொன்று மறவாமல் கொண்டு வாருங்கள்.