எஞ்சினுக்கு ஆகாத நீர் ஏழைக்கு ஆகுமா?

(நீர் விநியோகத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சாரம்)



அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் பிளின்ட் என்றொரு நகரம் உண்டு. மோட்டார்த் தொழிலாளர்களின் ஊர் அது. 1936 டிசம்பர் 30ந் தேதி ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து, 44 நாள் வெளியேற மறுத்து, அந்த ராட்சதக் கம்பெனியைச் சங்கத்தை அங்கீகரிக்கச் செய்தவர்கள் அவ்வூர்த் தொழிலாளர்கள். அதே ஊரின் ஜனங்களுக்கு 2014ல் குழாய்த் தண்ணீரின் வழியாக என்ன நேர்ந்தது என்பதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

முதலில் நோயைப் பற்றி இரண்டு வார்த்தை. 1976 ஜூலையில் பிலடெல்பியா நகர ஹோட்டல் ஒன்றில் 'அமெரிக்கன் லீஜன்' என்ற மாஜி ராணுவத்தினர் சங்கத்தின் மாநாடு நடந்தது. வந்தவர்கள் நிமோனியாவில் விழுந்தார்கள்; அந்த நோய்க்கு 34 பேர் பலியானார்கள். 1977 ஜனவரியில் அதன் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. லீஜியோனெல்லா என்று பெயரிட்டார்கள்.

இது தண்ணீரில் வாழும் கிருமி. வெதுவெதுப்பான நீரில், தேங்கிய குழாயில், உட்புறம் படியும் பாசிப் படலத்தில் பெருகுகிறது. ஷவரிலிருந்தும், பெரிய கட்டடங்களின் குளிர்விக்கும் கோபுரங்களிலிருந்தும் பறக்கும் நுண்ணிய திவலைகளோடு சுவாசப்பையில் இறங்குகிறது. பொதுவாக ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. முதியவர், புகை பிடிப்பவர், ஏற்கெனவே சுவாசப்பை நோயுள்ளவர் ஆகியோரையே அதிகமாகத் தாக்குகிறது. நோய் கண்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இறக்கிறார்.

ஒன்றை நினைவில் வையுங்கள்: பென்சிலின் இதற்குப் பலிக்காது. அஸித்ரோமைசின், லெவோபிளாக்ஸசின் போன்ற மருந்துகள் பலிக்கும். ஆகவே, ஊரில் இந்நோய் இருக்கிறது என்ற செய்தி டாக்டருக்கும் ஜனங்களுக்கும் உடனே தெரியவேண்டும். செய்தியை மறைப்பது மருந்தை மறைப்பதற்குச் சமம்.

இனி பிளின்டுக்கு வருவோம். ஒரு காலத்தில் ஏறத்தாழ 80 ஆயிரம் பேருக்கு அங்கே வேலை கொடுத்த ஜெனரல் மோட்டார்ஸ், லாபக் கணக்குப் பார்த்து ஆலைகளை ஒவ்வொன்றாக மூடியது. ஊர் ஏழ்மையில் விழுந்தது. நகரசபை கடனில் விழுந்தது. 2011 இறுதியில் மாகாண கவர்னர், ஜனங்கள் தேர்ந்தெடுத்த நகரசபையின் அதிகாரத்தைப் பறித்து, தாம் நியமித்த 'அவசர நிர்வாகி'யின் கையில் கொடுத்தார்.

அதுவரை பிளின்டுக்கு டெட்ராய்ட் நகரிலிருந்து ஹியூரன் ஏரியின் சுத்திகரித்த நீர் வந்துகொண்டிருந்தது. செலவை மிச்சப்படுத்துவதற்காக, 2014 ஏப்ரல் 25ந் தேதி பிளின்ட் ஆற்று நீருக்கு மாற்றினார்கள். குழாய் அரிக்காமலிருக்கச் சேர்க்கவேண்டிய பாஸ்பேட் மருந்தைக்கூடச் சேர்க்கவில்லை. நீர் குழாய்களை அரித்தது. ஈயம் கரைந்து குழந்தைகளின் ரத்தத்தில் ஏறியது. அரித்த இரும்பின் துரு, கிருமியைக் கொல்லவேண்டிய குளோரினைத் தின்றது. காவல் போன குழாய்க்குள் லீஜியோனெல்லா குடியேறியது.

2014 ஜூன் தொடங்கி 2015 முடிவதற்குள் சுமார் 90 பேருக்கு நோய் கண்டது. 12 பேர் மாண்டார்கள். நோயாளிகளில் பலர் நகரின் குழாய் நீரையே உபயோகித்த ஓர் ஆஸ்பத்திரியில் தங்கியிருந்தவர்கள். அதைக் காட்டித் தப்பிக்கப் பார்த்தது மாகாண சர்க்கார். ஆனால் ஆஸ்பத்திரிக்குள் அந்த நீரை அனுப்பியது யார்?

ஆற்று நீர் எஞ்சின் பாகங்களைத் துருப்பிடிக்கச் செய்கிறது என்று 2014 அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் முறையிட்டது. அதற்கு உடனே வேறு நீர் எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது! பழுப்பு நீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு தாய்மார்கள் கூட்டத்துக்குக் கூட்டம் போனார்கள். அவர்களுக்கோ "பயமில்லை" என்ற பதில்தான் கிடைத்தது. 2015 மார்ச்சில் நகரசபை, டெட்ராய்ட் நீருக்கே திரும்பவேண்டுமென்று 7க்கு 1 என்ற கணக்கில் வாக்களித்தது. அவசர நிர்வாகி மறுத்துவிட்டார். இரும்பின் குறை கேட்கப்பட்டது. மனிதனின் குறை கேட்கப்படவில்லை. முதலாளித்துவ ஜனநாயகத்தின் லட்சணம் இதுதான், தோழர்களே!

நோய் பெருகியதும், ஆற்று நீரோடு அதற்குத் தொடர்பிருக்கலாம் என்ற சந்தேகமும் 2015 தொடக்கத்திலேயே அதிகாரிகளுக்குள் கடிதங்களாக உலவின. கவர்னர் ரிக் ஸ்னைடர் ஜனங்களுக்கு அறிவித்தது 2016 ஜனவரி 13ந் தேதி! இடைப்பட்ட மாதங்களில் இருமிய கிழவர்களுக்கும், மூச்சுத் திணறிய பெண்களுக்கும் தங்கள் நோயின் பெயர் தெரியவில்லை.

ஜனங்களின் கிளர்ச்சியும், மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் வெளியிட்ட ஆதாரங்களும் சேர்ந்துதான் 2015 அக்டோபரில் டெட்ராய்ட் நீரைத் திரும்பக் கொண்டுவந்தன. பின்னர் 62 கோடியே 60 லட்சம் டாலர் நஷ்ட ஈடு ஒப்பந்தமாயிற்று. அதில் 60 கோடி மாகாண கஜானாவின் பணம், அதாவது ஜனங்களின் வரிப்பணம். அதிகாரிகள் மேல் தொடுத்த வழக்குகளோ சட்ட முறைப் பிழையால் தள்ளுபடியாகி 2023ல் முடிந்தன. ஒரு மேலதிகாரியும் சிறை காணவில்லை.

நீர் நிலையத்திலும் குழாயிலும் வேலை செய்யும் நாம் இதிலிருந்து என்ன கற்கிறோம்? கடைசிக் குழாய் வரை குளோரின் இருக்கிறதா என்று அளக்கவேண்டும். அளவை ஜனங்கள் பார்க்க எழுதி ஒட்டவேண்டும். நோய்க் கணக்கை ஒரு நாளும் மறைக்கக்கூடாது. நாள்கணக்கில் மூடிக்கிடந்த குழாயை நன்றாக ஓடவிட்ட பின்பே உபயோகிக்கவேண்டும். வெந்நீர்த் தொட்டியின் நீர் 60 டிகிரிக்குக் குறையாமலிருக்கவேண்டும். ஷவர் தலைகளைக் கழுவவேண்டும். இவை வீட்டில் நாம் செய்யக்கூடியவை. ஆனால் ஊர்க் குழாயை ஒரு வீடு தனியாகக் காக்க முடியாது.

தண்ணீரைப் பற்றிய முடிவு, தண்ணீரைக் குடிப்பவர்களின் கையில் இருக்கவேண்டும். பிளின்டில் மாண்ட 12 பேர் நமக்குச் சொல்லும் செய்தி இதுவே. 1937ல் அவ்வூர்த் தொழிலாளர்கள் ஒற்றுமையால் வென்றார்கள். அந்த ஒற்றுமையைத் தண்ணீருக்காகவும் கட்டுவோம், தோழர்களே!